வீட்டு ஸ்டீரியோவுக்கு ஸ்பீக்கர் கேபிள்: டர்பன் வீடுகளில் குறைந்த செலவில் சரியாக வாங்கிப் பொருத்துவது எப்படி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளின் லவுஞ்சில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வரை சுவரோரமாகச் சுற்றிப் போனாலும் பெரும்பாலும் ஐந்து, ஆறு மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் (ஸ்பீக்கருக்குப் பின்னால் எழுதியிருக்கும் மின்தடை அளவுதான் ஓம்) 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் தாராளம். 4 ஓம் என்றால் 2.5. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கேபிளே இதற்குப் போதும். பளபளக்கும் அட்டைப் பெட்டியில், வலை உறை போட்டு, முனையில் தங்க முலாம் பூசி விற்பதற்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு நன்றாகக் கேட்பதும் கேட்காததும் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஆனால் "ஏதோ ஒரு ஒயர்" என்று வாங்கினாலும் ஏமாந்துபோவோம். 1.5 என்று அச்சிட்டு உள்ளே 0.75 இருப்பதும், செம்பு நிறத்தில் அலுமினியம் இருப்பதும் இப்போது சகஜம். கடலோர ஈரக்காற்றில் முனை பச்சை பூத்துப்போவது இன்னொரு தொல்லை. பணம் அதிகம் செலவழிக்காமல் இதையெல்லாம் தவிர்க்கலாம்.

தடிமன் ஏன் முக்கியம்

செம்புக் கம்பி எவ்வளவு நல்லதானாலும் கொஞ்சம் மின்தடை இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டியிருப்பதால் தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 6 மீட்டர் கேபிள் என்றால் 12 மீட்டர் செம்பு. 12-ஐ 0.0172-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 0.138 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இது இரண்டு சதவீதம்கூட இல்லை.

பொதுவாகச் சொல்லும் எல்லை ஐந்து சதவீதம். 8 ஓமுக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். அந்த எல்லையை வைத்துப் பார்த்தால், ஒரு பக்கத் தூரமாக, இவ்வளவு வரை போகலாம்:

0.75 சதுர மி.மீ.: 8 ஓமுக்கு 8.5 மீட்டர், 4 ஓமுக்கு 4 மீட்டர்
1.0: 11.5 மீட்டர், 5.5 மீட்டர்
1.5: 17 மீட்டர், 8.5 மீட்டர்
2.5: 29 மீட்டர், 14.5 மீட்டர்
4.0: 46 மீட்டர், 23 மீட்டர்

இது கடைசி எல்லை. இதில் பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதி. தடிமன் ஒரு படி ஏறினால் மீட்டருக்குக் கூடும் விலை சொற்பம்தான், ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும்.

மின்தடை கூடினால் சத்தம் குறையும் என்று மட்டும் நினைக்கிறோம். ஐந்து சதவீதத்தில் குறையும் சத்தம் அரை டெசிபல்கூட இல்லை, அது காதுக்கே தெரியாது. உண்மையான கெடுதல் வேறு. ஸ்பீக்கருக்குப் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், எல்லாச் சுருதியிலும் அது 8 ஓமாக நிற்பதில்லை. ஒரு இடத்தில் 20 ஓமுக்கு மேலே ஏறும், இன்னொரு இடத்தில் 4 ஓம் பக்கம் இறங்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. இறங்கும் இடத்தில் கேபிள் அதிகமாகத் தின்னும், ஏறும் இடத்தில் குறைவாகத் தின்னும். 8 மீட்டர் தூரத்துக்கு 0.75 தடிமனில் அலுமினியக் கேபிள் போட்டால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 0.9 டெசிபல் வித்தியாசம் விழும். அதே தூரத்துக்கு 1.5 செம்பு என்றால் 0.3. முதலாவது, ஆம்ப்ளிஃபையரின் டோன் குமிழை யாரோ லேசாகத் திருப்பிவிட்டுப் போன மாதிரி. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வரும்போது நடுச்சுருதி கொஞ்சம் அமுங்கினால் கூர்ந்து கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சில பொட்டலங்களில் சதுர மில்லிமீட்டர் இருக்காது, அமெரிக்க கேஜ் எண் மட்டும் இருக்கும். எண் கூடக்கூட கம்பி மெலியும். 18 கேஜ் என்பது 0.82, 16 கேஜ் 1.31, 14 கேஜ் 2.08, 12 கேஜ் 3.31 சதுர மில்லிமீட்டர். "16 கேஜும் ஒன்றரையும் ஒன்றுதான்" என்று கடையில் சொன்னால் அது முழு உண்மை இல்லை, கொஞ்சம் மெலிசுதான். தூரம் குறைவு என்றால் பரவாயில்லை.

கடையில் எதைக் கேட்பது

ஹார்டுவேர் கடையிலும் எலெக்ட்ரிக்கல் கடையிலும் மூன்று சாமான் கிடைக்கும்.

ரிப்கார்ட்: இரண்டு கம்பி ஒட்டியபடி இருக்கும், நடுவில் கிழித்தால் பிரியும். கறுப்பு சிவப்பு, வெள்ளை, பழுப்பு, கண்ணாடி போன்ற உறை என்று பல நிறத்தில் வரும். பெரும்பாலும் 0.5, 0.75, 1.0 தடிமன்தான் அலமாரியில் இருக்கும். 0.5-ஐத் தொடாதீர்கள். புத்தக அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்த சின்ன ஸ்பீக்கருக்கு, இரண்டு மூன்று மீட்டருக்கு, 0.75 போதும். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கப்டயர்: உருண்டை உறைக்குள் இரண்டோ மூன்றோ கம்பி இருக்கும் வளையும் கேபிள். 1.5-உம் 2.5-உம் எங்கும் கிடைக்கும். மெல்லிய இழைகளால் ஆனது, உறை கெட்டி, காலில் மிதிபட்டாலும் தாங்கும். தரமான கப்டயரின் உறையில் தடிமனும் சான்ஸ் 1574 என்ற தென்னாப்பிரிக்கத் தர எண்ணும் வரிசையாக அச்சாகியிருக்கும். குறைந்த பணத்தில் நம்பி வாங்கக்கூடியது இதுதான். ஸ்பீக்கருக்கென்று விற்கும் கேபிளில் தடிமனைச் சரிபார்க்க ஆளில்லை. வீட்டு மின்சாரத்துக்கென்று விற்பதற்கு விதிமுறை இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பார்க்க அசல் எக்ஸ்டென்ஷன் ஒயர் மாதிரியே இருக்கும். இரண்டு முனையிலும் வெள்ளை டேப் சுற்றி "ஸ்பீக்கர்" என்று எழுதிவையுங்கள். பின்னொரு நாள் வீட்டில் யாராவது அதில் பிளக் மாட்டிவிடக் கூடாது.

சர்ஃபிக்ஸ்: வீட்டு மின்சாரத்துக்காகச் சுவரில் நிலையாகப் பொருத்தும் ஒயர், உள்ளே மெல்லிய இழைகள் இல்லாத ஒற்றைக் கம்பி. மின்சாரத்தைக் கடத்துவதில் குறையில்லை. ஆனால் ஸ்பீக்கரைத் துடைக்க நகர்த்தும்போதெல்லாம் ஒற்றைக் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளேயே முறியும், வெளியே தெரியாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் கம்பியைக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப்பில் அழுத்தினாலும் சரியாக உட்காராது. மிச்சம் கிடக்கிறதே என்று இதை எடுக்காதீர்கள்.

வீட்டில் 0.75 ரிப்கார்ட் நிறைய மீந்து கிடந்தால் அதை வீணாக்க வேண்டாம். இரண்டு ஓட்டமாகச் சேர்த்துப் போட்டால் 1.5 தடிமன் கிடைக்கும். ஆனால் ஒரு ரிப்கார்டின் இரண்டு கம்பியையும் பாசிட்டிவுக்கும் மற்றதன் இரண்டையும் நெகட்டிவுக்கும் கொடுப்பது தப்பு. ஒவ்வொரு ரிப்கார்டிலும் ஒரு கம்பி பாசிட்டிவ், ஒரு கம்பி நெகட்டிவ் என்று கொடுங்கள். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியே இருந்தால்தான் இண்டக்டன்ஸ் (மேல்சுருதியைத் தடுக்கும் காந்த குணம்) குறைவாக இருக்கும், மேல்சுருதி தேயாது.

செம்பா, அலுமினியமா

செம்பு முலாம் போட்ட அலுமினியம், சுருக்கமாக சி.சி.ஏ., கேபிள் விற்பனையில் பெரிய ஏமாற்று. இதன் மின்தடை அதே தடிமன் செம்பைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். சி.சி.ஏ. என்று வெளிப்படையாக எழுதி, விலையும் குறைத்து விற்றால் அதில் குற்றமில்லை, 1.5 வேண்டிய இடத்தில் 2.5 என்று ஒரு படி தடிமனாக வாங்கினால் சரியாகிவிடும். எழுதாமல் விற்பதுதான் கோபம் வரவைக்கிறது. இது முனைகளில் சீக்கிரம் முறியும், ஈரக்காற்றில் செம்புத் தோல் கிழிந்த இடத்தில் சீக்கிரம் அரிக்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள். புதிதாக வெட்டிய முனையை வெளிச்சத்தில் பிடித்து இழையின் வெட்டு முகத்தைக் கவனியுங்கள். வெளியே செம்பு நிறம், வெட்டுமுகம் வெள்ளி நிறம் என்றால் சி.சி.ஏ. வெளியே வெள்ளி, வெட்டுமுகம் செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, கடலோரத்துக்கு ஏற்றது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு நல்லதைத் திருப்பிக் கொடுத்து மோசமானதை வாங்கிவருபவர்கள் உண்டு. இழை ரொம்ப மெல்லிசாக இருந்து தெரியவில்லை என்றால் பிளேடால் ஒரு இழையின் மேல் சுரண்டுங்கள். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும்.

அடுத்தது லைட்டர். ஒரே ஒரு இழையை இடுக்கியில் பிடித்து சுடரில் காட்டினால் அலுமினியம் உருகிச் சுருண்டு துளியாகும், அது 660 டிகிரியில் உருகும் உலோகம். செம்பு சிவந்து நிற்கும், உருக 1085 டிகிரி வேண்டும். கடைக்காரர் முன்னால் இதைச் செய்ய முடியாதுதான். அரை மீட்டர் வெட்டி வாங்கி வந்து வீட்டில் பார்த்துவிட்டு, பிறகு முழு நீளம் வாங்கலாம்.

அப்புறம் சமையலறைத் தராசு. செம்பு கனம், அலுமினியம் லேசு. 1.5 தடிமன் இரட்டைக் கம்பி 10 மீட்டர் என்றால் அதில் செம்பு மட்டும் சுமார் 260 கிராம் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறையின் எடை அதற்கு மேல். சி.சி.ஏ. என்றால் உலோகம் 100 கிராம் அளவுதான். ஆகவே 10 மீட்டர் சுருள் உறையோடு சேர்த்தே 260 கிராமுக்குக் கீழே நின்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது 1.5 செம்பு இல்லை. 2.5 என்றால் இந்த எண் 440, 0.75 என்றால் 130. மேலே நின்றால் மட்டும் நல்லது என்று உறுதியாகாது, தடித்த உறை போட்டும் எடையைக் கூட்டுவார்கள்.

தடிமனை எண்ணியும் பார்க்கலாம். வளையும் கேபிளில் 1.5 என்றால் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் இழை 30 இருக்கும். 2.5 என்றால் அதே இழை 50. 0.75 என்றால் 0.20 இழை 24. இழையின் குறுக்களவை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டாம். ஒரு இழையைப் பென்சிலில் இடைவெளி இல்லாமல் நெருக்கி 20 சுற்றுச் சுற்றி, சுற்றிய அகலத்தை ஸ்கேலில் பாருங்கள். 5 மில்லிமீட்டர் வந்தால் இழை 0.25. 4 வந்தால் 0.20. அதே 30 இழை இருந்து அகலம் 3.5 மில்லிமீட்டர்தான் வந்தால் உங்கள் கையில் இருப்பது பாதித் தடிமன்: இழை 0.175, மொத்தம் 0.72 சதுர மில்லிமீட்டர். உறையைத் தடித்து வார்த்து மேலே 1.5 என்று அடித்திருக்கிறார்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு ஒரு வழி. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இவ்வளவு சின்ன மின்தடையை நம்பும்படி காட்டாது, அதன் இரண்டு முள்ளின் ஒயரிலேயே ஏறத்தாழ அவ்வளவு தடை இருக்கும். அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்டை அளக்க வேண்டும். கேட் மோட்டாரிலோ அலாரம் பெட்டியிலோ இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, காரின் இண்டிகேட்டரில் இருக்கும் 21 வாட் பல்பு, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். 10 மீட்டர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைப் பல்பிலும் இணையுங்கள். பல்பு எரியும்போது பேட்டரி முனையில் வோல்டை அளந்து எழுதிக்கொண்டு, பல்பு முனையிலும் அளந்து கழியுங்கள். 1.5 செம்பு என்றால் வித்தியாசம் 0.4 வோல்டை ஒட்டி வரும். 0.6-ஐத் தாண்டினால் அது அலுமினியம், அல்லது மெலிந்த செம்பு. பேட்டரியின் இரண்டு முனையும் கேபிள் வழியாக ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. பல்பை முதலில் மாட்டிவிட்டுப் பேட்டரியைக் கடைசியாக இணைத்தால் அந்தப் பயம் இல்லை.

"ஆக்சிஜன் இல்லாத செம்பு" என்ற பெருமைக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது கடத்துவது ஒரு சதவீத அளவுதான் மேல். வெள்ளிகூட செம்பைவிட ஆறேழு சதவீதம்தான். 1.5-இலிருந்து 2.5-க்கு ஒரு படி தடிமன் கூட்டினால் ஐம்பது சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. கேபிளில் அம்புக்குறி போட்டு "இந்தத் திசையில் மாட்டவும்" என்று எழுதியிருப்பதற்கும் அர்த்தமில்லை. ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னுமாக ஆடும் மின்சாரம். அதற்கு ஒரு திசை கிடையாது.

எத்தனை மீட்டர்

கண் மதிப்பில் வாங்காதீர்கள். சணல் நூலைக் கேபிள் போகப்போகும் வழியிலேயே வைத்துப் பிடியுங்கள்: ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னாலிருந்து தரைக்கு, ஸ்கர்டிங் (சுவரடிப் பட்டை) ஓரமாக, கதவு நிலையைச் சுற்றி, ஸ்பீக்கருக்கு மேலே. அதை அளந்து, ஆம்ப்ளிஃபையரை முன்னால் இழுத்துப் பின்பக்கம் பார்ப்பதற்காக முனைக்கு அரை மீட்டர் கூட்டுங்கள். அவ்வளவு போதும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஒன்றுக்கு 3 மீட்டர், மற்றதுக்கு 6 மீட்டர் 1.5 கேபிள் போட்டால் மின்தடை வித்தியாசம் 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரின் சத்தத்தில் 0.1 டெசிபலுக்கும் கீழே. நாற்காலியில் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலே இதைவிட அதிகம் மாறும். அதனால் மூன்று மீட்டர் காசு மிச்சம். மீந்த கேபிளைச் சுருட்டி வைத்தால் "காயில் மாதிரி ஆகிவிடும்" என்பதும் பயப்படத் தேவையில்லாதது. போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியே இருப்பதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது ரத்து செய்துவிடும்.

புரட்டாசிப் பூஜை, வீட்டு விசேஷம் என்று ஸ்பீக்கரை முற்றத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் தூரம் உண்மையிலேயே கணக்கில் வரும். லவுஞ்சிலிருந்து கார்போர்ட்டைத் தாண்டிக் கூடாரம் வரை 20 மீட்டர், ஸ்பீக்கர் 8 ஓம் என்று வையுங்கள். 1.5-இல் 0.46 ஓம், எல்லையைத் தாண்டிவிட்டது. 2.5 கப்டயரில் 0.28 ஓம், போதும். மெல்லிய ரிப்கார்ட் வெயிலில் கிடந்தால் உறை வறண்டு வெடிக்கும், நாற்காலிக் கால் ஒன்று ஏறினால் நசுங்கும். இந்த வேலைக்குக் கப்டயர்தான். மூன்று கம்பிக் கப்டயர் என்றால் பழுப்பை பாசிட்டிவுக்கும் நீலத்தை நெகட்டிவுக்கும் வைத்து, பச்சை மஞ்சளை இரண்டு முனையிலும் வெட்டி டேப் சுற்றி விடுங்கள்.

முனையைத் தயார் செய்வது

கேபிளில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி முனையில்தான். இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஆம்ப்ளிஃபையரைச் சுவர் சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் உருவுங்கள். லோட்ஷெடிங் நேரத்தில் "கரண்ட்தான் இல்லையே" என்று இந்த வேலையைத் தொடங்குவது தவறு. கை உள்ளே இருக்கும்போதே மின்சாரம் திரும்பி வரும்.

இரண்டு கம்பியையும் நான்கு சென்டிமீட்டர் பிரித்து, உறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரியுங்கள். கத்தியால் சுற்றி வெட்டினால் வெளி இழைகள் ஐந்தாறு அறுந்துபோகும், மிச்சத்தில் கீறல் விழுந்து அடுத்த மடிப்பில் முறியும். ஒயர் ஸ்ட்ரிப்பரில் சரியான துளையில் வைத்து இழுத்தால் ஒரு இழையும் போகாது. உரித்த பிறகு செம்பு சால்மன் நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரியுங்கள். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டுங்கள். இழைகளை அவை ஏற்கனவே திரிந்திருக்கும் திசையிலேயே விரலால் முறுக்குங்கள்.

முறுக்கிய முனையைச் சாலிடரில் தோய்த்து இறுக்குவது பலரும் செய்வது, செய்யக் கூடாதது. சாலிடர் மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி வழிவிடும், சில மாதத்தில் திருகு தானாகத் தளர்ந்திருக்கும். தொடர்பு தளர்ந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். வேண்டுமானால் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை மாட்டி அதற்குரிய இடுக்கியால் நசுக்குங்கள். இல்லையென்றால் வெறும் முறுக்கிய செம்பே போதும்.

திருகு முனையில், ஓட்டை வழியாகக் கம்பியை நுழைத்து விரல் பலத்தில் இறுக்குங்கள். இடுக்கி போட்டால் பிளாஸ்டிக் முனை விரிசல் விடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை இறுக்குங்கள், இழைகள் உள்ளே படிந்து கொஞ்சம் இடம் விட்டிருக்கும். ஸ்பிரிங் கிளிப் என்றால் 2.5 கேபிள் நுழைவதே கஷ்டம், வாங்கும் முன் ஓட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுழையவில்லை என்று பத்து இழையை வெட்டிவிட்டு நுழைக்காதீர்கள், ஃபெரூலோ ஊசி போன்ற முனையோ போடுங்கள்.

கம்பியின் முனையில் மாட்டும் ஒற்றை முள்ளான பனானா பிளக் வசதியானது, அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு மட்டும் அவசியம். விலை குறைந்ததிலும் குறையில்லை, திருகு இரண்டு இருப்பதாகப் பாருங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு விஷயம் கவனம்: பனானா பிளக்கின் தடிமன் 4 மில்லிமீட்டர், இரண்டு முள் பிளக்கின் முள்ளும் அதே 4 மில்லிமீட்டர். தரையில் கிடக்கும் மல்டிபிளக்கின் இரண்டு முள் ஓட்டையில் அது நேராகப் போகும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய கேபிளைத் தரையில் விடாதீர்கள்.

எந்த முறையானாலும், மாட்டி முடித்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ஆம்ப்ளிஃபையர் தற்காப்புக்குப் போய் நின்றுவிடும். தற்காப்பு இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையரில் வெளியீட்டு டிரான்சிஸ்டரே போய்விடும். ஐந்து ராண்ட் சாமான் மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் இழப்பது இப்படித்தான்.

இப்போது பலரும் வாங்கும் கையடக்க டி-கிளாஸ் ஆம்ப்ளிஃபையர்களில் இன்னொன்று. அவற்றில் பல, டி.பி.ஏ.3116 சில்லு போட்டவை உட்பட, நெகட்டிவ் முனையிலும் மின்னழுத்தம் வைத்திருக்கும், அது எர்த் இல்லை. கம்பி மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்பீக்கரின் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று கம்பியில் ஓட்டும் பழைய வழக்கத்தை இதில் செய்தால் சில்லு கருகும். ஸ்பீக்கருக்கு இரண்டிரண்டு கம்பி, தனித்தனியாக.

பாசிட்டிவும் நெகட்டிவும்

ரிப்கார்டில் இரண்டு கம்பியும் ஒரே நிறமாக இருந்தாலும் உறையைத் தடவிப் பாருங்கள். ஒன்றில் நீளவாக்கில் மேடோ கோடோ அச்செழுத்தோ இருக்கும். அதை பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பீக்கரிலும் மாறாமல் மாட்டுங்கள். ஒரு பக்கம் மாறிவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது, ஆனால் ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது மற்றதன் கோன் பின்னால் போகும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்க அடிநாதம் எங்கோ காணாமல்போகும், பாடுபவர் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் கலைந்து கேட்பார். சந்தேகம் இருந்தால் ஸ்பீக்கர்களை முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, மோனோவில் அடிநாதம் உள்ள பாட்டைப் போட்டு, ஒரு ஸ்பீக்கரின் கம்பியை மட்டும் (ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு) மாற்றிப் பாருங்கள். எதில் அடிநாதம் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

கேபிளின் மறுமுனை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எது எது என்று தெரியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அந்த முனையில் ஒரு கணம் தொடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் பாசிட்டிவுக்குப் போனால் ஊஃபர் (அடிநாதம் தரும் பெரிய ஸ்பீக்கர்) கோன் வெளியே வரும்.

ஈரக்காற்று

டர்பனில் கோடைக் காலத்தில் வெறும் செம்பு வெகு சீக்கிரம் கறுக்கும். இசிபிங்கோ பீச், அமன்சிம்டோடி போன்ற கடலோரப் பக்கம் உப்பும் சேர்ந்து பச்சை பூக்கும். ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை, அங்கே காற்று வறண்டது. கண்ணாடி உறைக் கேபிளில் செம்பு உள்ளேயே பச்சையாவதையும் பார்க்கலாம். அது பெரும்பாலும் உறையில் கலந்திருக்கும் ரசாயனமும் முனை வழியாக நுழைந்த ஈரமும் செய்யும் வேலை. நடுவில் பச்சையாக இருப்பதால் ஒலி கெடாது, முனையில் பச்சையாக இருப்பதுதான் கெடுதல், அங்கேதான் இழையும் திருகும் தொட்டுக்கொள்ள வேண்டும்.

முனையை இறுக்கி முடித்த பிறகு, வெளியே தெரியும் செம்பின்மேல் வாஸ்லினை விரல் நுனியால் மெல்லியதாகத் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவக் கூடாது. உறை முடியும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஹீட்ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டிச் சுருக்கிவிட்டால் ஈரம் உறைக்குள் ஏறாது. கடற்கரைக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கும், வராந்தாவில் நிரந்தரமாக ஸ்பீக்கர் மாட்டியிருப்பவர்களுக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு, படகுச் சாமான் கடையில் கிடைப்பது, கொடுக்கும் விலைக்குத் தகும். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை முனையைக் கழற்றி, ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாக உரித்து மாட்டினால் போதும். முனைக்கு அரை மீட்டர் கூட்டி வாங்கியது அதற்கும் உதவும்.

வழியில் போடுவது

டைல்ஸ் தரையில் கேபிளை மறைக்க இடமில்லை, ஸ்கர்டிங் ஓரமாக ஒட்டும் டிரங்க்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் குழல்) போடுகிறோம். அதன் பின்பக்கப் பசை ஈரத்தில் விட்டுவிடும், மீட்டருக்கு இரண்டு திருகாவது அடியுங்கள். கிளிப் அடிப்பதானால் கேபிளின் அளவுக்கு உரியதை வாங்குங்கள், காகிதம் குத்தும் ஸ்டேப்ளர் வேண்டாம். அதன் கால் ஒன்று இரண்டு கம்பிக்கும் நடுவே இறங்கினால் ஷார்ட், தேடிக் கண்டுபிடிக்க நாள் போகும். கதவுக்கு அடியில் விட வேண்டியிருந்தால் தட்டை ரிப்கார்ட், கதவு உரசாதபடி. சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போவதானால் ஓட்டையில் ஒரு துண்டு பி.வி.சி. குழாய் செருகி அதன் வழியாக விடுங்கள், செங்கல் விளிம்பு உறையை அறுக்கும்.

வீட்டு மின்சார ஒயர் போகும் அதே குழாயில் ஸ்பீக்கர் கேபிளை ஒருபோதும் நுழைக்காதீர்கள். இரைச்சலுக்காக இல்லை, ஸ்பீக்கர் கேபிளில் இரைச்சல் ஏறுவது அபூர்வம். உள்ளே ஒரு உறை கிழிந்தால் 230 வோல்ட் உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்துக்கு வந்து நிற்கும். சுவரோரமாகப் பக்கத்தில் போக வேண்டிவந்தால் ஒரு சாண் தள்ளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

கேபிள் மாற்றிய பிறகும் "ஹம்" என்று இரைச்சல் வந்தால் அது ஸ்பீக்கர் கேபிளின் குற்றமாக இருக்காது. டிவியையோ டர்ன்டேபிளையோ ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இரைச்சல் நிற்கிறதோ அங்கேதான் எர்த் கோளாறு.